டேப் செட்டைக் கழற்றிவிடாதே

கடலூர், மஞ்சக்குப்பம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கைக்கு முட்டி வலி தணிந்து, காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் மனம் லேசானது. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் முதல் நாள் முழுவதும் தூக்கம்தான். அம்மா இன்னமும் வெள்ளிக்கிழமை தவறாமல் திருப்பாதிரிப்புலியூருக்குப் போய்ப் பாடலீசுவரரைப் பார்த்துவிட்டு வருகிறார். உன்னைப் பற்றியும் விசாரித்தார்.

நீ எழுதியதில் என்னைப் பதற வைத்தது ஒன்றுதான். அப்பாவின் ஜென் காரில் இருக்கிற டேப் செட்டைக் கழற்றிவிட்டு, தொடுதிரை வைத்த புதிய செட்டை மாட்டச் சொல்லிக் கடைக்காரர் வற்புறுத்துகிறார், நீயும் பாதி மனத்துடன் இசைந்துவிட்டாய் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து பொறு. நீ பாட்டு ஏற்றி வைத்திருக்கும் கையடக்கக் கருவியான ஐபாடை அந்தச் செட்டோடு இணைக்கவே முடியாது என்று அவர் சொன்னது சரியில்லை. அந்தக் காரின் டேஷ்போர்டில் செட்டுக்கு விட்டிருக்கும் இடம் ஏறத்தாழ 18 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம். பெரிய திரைகளுக்கு அதைப்போல இரு மடங்கு உயரம் வேண்டும். பிளாஸ்டிக்கை அறுத்துத்தான் நுழைப்பார்கள். அறுத்த டேஷ்போர்டு பழைய நிலைக்குத் திரும்பாது. அப்பா கறை படாமல் வைத்திருந்த வண்டி அது.

இப்போது நீ பயன்படுத்துகிற எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரை முதலில் விட்டுவிடு. சிகரெட் லைட்டர் துளையில் செருகிக்கொள்கிற அந்தச் சிறு கருவி ஒரு குட்டி வானொலி நிலையம். ஐபாடின் பாட்டைப் பக்கத்திலேயே ஒலிபரப்புகிறது, காரின் ரேடியோ அதைப் பிடிக்கிறது. அதன் சக்தி மிகக் குறைவு. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் காலியான இடமாகப் பார்த்து வைத்தால்தான் அது தாக்குப்பிடிக்கும். புதுச்சேரியில் 102.8-இல் வானொலி நிலையம் இருக்கிறது, தனியார் நிலையங்களும் இருக்கின்றன. வீட்டு வாசலில் காலியாகக் கிடந்த இடம் வேறொரு ஊரில் காலியாக இருக்காது. அரியாங்குப்பம் தாண்டியதும் இரைச்சல், கிருமாம்பாக்கத்தில் வேறு யாரோ பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, காரணம் அதுதான். தெளிவாகக் கேட்கும்போதும் எஃப்.எம். ஸ்டீரியோவில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி போகாது. நம் வயதுக் காதுகளுக்கு அது பெரிய இழப்பு இல்லை. ஆனால் மலிவான டிரான்ஸ்மிட்டர்கள் அதற்குக் கீழே உள்ளதையும் நசுக்கிவிடுகின்றன. நாதஸ்வரத்தில் சீவாளியின் அந்தக் கூர்மை போய்விடுகிறது. நல்ல வாசிப்பை இப்படிக் கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை.

உன் செட்டில் கேசட் போடும் வாய் இருக்கிறதல்லவா? அதுவே போதும். கேசட் அடாப்டர் என்று ஒன்று உண்டு. கேசட்டின் வடிவம்தான், உள்ளே நாடா இருக்காது. ஓரத்திலிருந்து ஒரு கம்பி வெளியே வரும், அதன் நுனியில் 3.5 மி.மீ. பின். அதை ஐபாடின் ஹெட்போன் துளையில் செருக வேண்டும். நாடா உரசுகிற இடத்தில் அடாப்டருக்குள் ஒரு சிறு காந்தச் சுருள் இருக்கிறது. பாட்டின் மின்னோட்டம் அதில் பாயும்போது காந்தப்புலம் ஏறி இறங்குகிறது. எதிரே இருக்கும் செட்டின் ஹெட், நாடாவில் பதிந்த காந்தத்தைப் படிப்பதைப்போலவே இதையும் படித்துவிடுகிறது. ஒரு கம்பியையும் வெட்டாமல், ஓர் ஆணியையும் கழற்றாமல் வேலை முடிகிறது. இதைக் கண்டுபிடித்தவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

போடுவதற்கு முன் ஹெட்டைத் துடைத்துவிடு. பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடைத்தால், வருடக்கணக்கில் நாடாக்கள் விட்டுச்சென்ற பழுப்புப் பொடி வந்துவிடும். நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தான் இருந்தால் அணைத்துவை. ஐபாடிலிருந்து வரும் பாட்டு டால்பி முறையில் பதிந்தது அல்ல, போட்டுவைத்தால் மேல் ஸ்தாயி மங்கிவிடும். உன் செட், ஒரு பக்கம் முடிந்ததும் தானே மறுபக்கத்துக்கு மாறுகிற ஆட்டோ ரிவர்ஸ் வகை என்று நினைக்கிறேன். உள்ளே சக்கரம் சுற்றவில்லை என்று நினைத்து அது பக்கத்தை மாற்றிக்கொண்டே இருக்கலாம், அல்லது அடாப்டரை வெளியே துப்பலாம். ஆட்டோ ரிவர்ஸ் செட்டுக்கும் பொருந்தும் அடாப்டராகக் கேட்டு வாங்கு. ஐபாடில் ஒலியை முக்காலுக்கு மேல் வைத்துக்கொண்டு, மற்றதைச் செட்டின் குமிழில் திருத்து. ஐபாடில் குறைத்துச் செட்டில் ஏற்றினால் செட்டின் சொந்த இரைச்சலும் சேர்ந்து ஏறும். ஒலியின் மேல், கீழ் ஸ்தாயிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை இரண்டு இடத்திலும் போடாதே.

இதைவிட நல்ல வழி ஒன்றும் இருக்கிறது, ஆனால் அதற்குக் கை தேர்ந்தவர் வேண்டும். செட்டை வெளியே இழுத்துப் பின்பக்கம் பார். சில பழைய செட்டுகளில் வெளிக் கருவியின் பாட்டை உள்ளே வாங்கும் ஆக்ஸ் இணைப்போ, பல சிடிகளை மாற்றிப் போடும் சிடி சேஞ்சருக்கான துளையோ பயன்படாமல் கிடக்கும். இருந்தால் பாதி வேலை மிச்சம். இல்லையென்றாலும் சேர்க்க முடியும். இங்கே முதுநகரில் ரேடியோ பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ரேடியோ பகுதியிலிருந்து வால்யூம் குமிழுக்குப் போகிற பாதையைக் கண்டுபிடித்து, அங்கே சுவிட்சு உள்ள ஒரு ஸ்டீரியோ சாக்கெட்டை ஈயம் வைத்துச் சேர்த்துவிடுவார். பின்னைச் செருகினால் ரேடியோ நின்று ஐபாட் பேசும். எடுத்தால் ரேடியோ திரும்பிவிடும். நேர்மின்னோட்டம் நுழையாமல் இருக்க இரண்டு பக்கத்துக்கும் கெப்பாசிட்டர் வைப்பார். இப்படிச் செய்தால் டேப்பும் இருக்கும், ரேடியோவும் இருக்கும், ஐபாடும் கம்பி வழியாக நேராகப் போகும். அப்போது ஹெட்போன் துளைக்குப் பதிலாக ஐபாடின் அடியில் உள்ள 30 பின் இணைப்பிலிருந்து லைன் அவுட் கேபிள் எடு. ஐபாடின் ஒலிக் கட்டுப்பாட்டைத் தாண்டி நிலையான அளவில் ஒலி வருவதால் அது இன்னும் சுத்தமாக இருக்கும். கேசட் அடாப்டருக்கு மட்டும் இது சரிப்படாது. அந்தச் சுருளை ஓட்ட ஹெட்போன் துளையின் சக்தி வேண்டும்.

ஒரு தொல்லை வரக்கூடும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போது ஐபாடைச் சார்ஜரிலும் போட்டால், பாட்டுக்குப் பின்னால் 'ஙொய்' என்று ஒரு சத்தம் கேட்கலாம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதியும் ஏறும். அது எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் சத்தம். சார்ஜர் வழியாக ஒரு எர்த்தும், பாட்டுக் கம்பி வழியாக இன்னொரு எர்த்தும் செட்டோடு சேர்ந்து வளையமாகிவிடுகின்றன. இரண்டுக்கும் இடையே இருக்கிற சிறு மின்னழுத்த வேறுபாடுதான் ஸ்பீக்கரில் பாடுகிறது. சார்ஜரைப் பிடுங்கிப் பார். சத்தம் நின்றால் காரணம் உறுதி. கம்பியின் நடுவே இணைக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் கடைகளில் கிடைக்கிறது. உள்ளே இரண்டு சிறு டிரான்ஸ்பார்மர்கள் உண்டு. பாட்டைக் காந்தம் வழியாக மட்டும் கடத்தும், எர்த் வளையம் அறுந்துவிடும். மிக மலிவானவை மிருதங்கத்தின் தொப்பியைக் கொஞ்சம் விழுங்கும், அதனால் சற்று நல்லதாக வாங்கு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே என்றால் பேட்டரியிலேயே ஓட்டிவிடலாம், சார்ஜரே வேண்டாம்.

நம் இரண்டு ஊர்களுக்கும் பொதுவான எதிரி உப்புக் காற்று. செட்டின் எர்த் கம்பி வண்டியின் உடலோடு சேரும் இடத்தைக் கட்டாயம் பார்க்கச் சொல். அங்கே துரு ஏறியிருந்தால் எந்த ஐசொலேட்டரும் முழுதாக உதவாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினால் போதும். வண்டி கடலோரம் நிற்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள், வருடம் ஒருமுறை இதைச் செய்.

ஐபாடை வண்டியிலேயே விட்டுவிட்டு வராதே. அது ஹார்டு டிஸ்க் வைத்த கிளாசிக். 35 டிகிரி வரையிலான வெப்பத்தில் பயன்படுத்தத்தான் அது செய்யப்பட்டது. அணைத்து வைத்திருந்தாலும் 45-ஐத் தாண்டக் கூடாது. கத்திரி வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் டேஷ்போர்டு அதைவிட மேலே போகும். ஹார்டு டிஸ்க் கெட்டுவிட்டால் மாற்றலாம், ஆனால் அந்த வகை ஐபாட் விற்பனையை ஆப்பிள் 2014-இலேயே நிறுத்திவிட்டது. ஓட்டும்போது அந்தச் சக்கரத்தைச் சுழற்றிப் பாட்டுத் தேடாதே. கிளம்பும் முன்பே பட்டியல் போட்டுவிட்டு ஓட்டு.

இவ்வளவு தூரம் நான் மல்லுக்கட்டுவதற்குக் காரணம் உனக்குத் தெரியும். அப்பா வானொலியில் ஒலிபரப்பான கச்சேரிகளை வரிசையாகப் பதிந்து, உறையில் ராகத்தின் பெயரையும் தேதியையும் பச்சை மையில் எழுதி வைத்த கேசட்டுகள் இன்னும் உன் அலமாரியில் இருக்கின்றன. உன் வீட்டில் இப்போது அவற்றைப் பாடவைக்கக்கூடியது அந்தக் காரின் செட் மட்டும்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய். செட் போனால் கேசட்டுகள் வெறும் பெட்டிகள். அதனால் செட்டைக் காப்பாற்றுவது ஒரு பக்கம், கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுவது இன்னொரு பக்கம். என்னிடம் நல்ல நிலையில் ஒரு வீட்டுக் கேசட் டெக் இருக்கிறது. அதன் லைன் அவுட்டைக் கணினியின் லைன் இன்னில் கொடுத்துப் பதியலாம். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், குறுக்குவழி கிடையாது. பிறகு அப்பாவின் கச்சேரிகள் அந்த ஐபாடிலேயே இருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு இங்கே வா. முதுநகர்ப் பெரியவரிடம் சொல்லி வைக்கிறேன். கேசட்டுகளில் பத்துப் பதினைந்தையும் எடுத்து வா, பழையதாக இருப்பவற்றை முதலில். கடைக்காரரிடம் முன்பணம் எதுவும் கொடுத்திருந்தால் உடனே எழுது. தங்கையையும் அழைத்து வா, அம்மாவுக்கு அவளைப் பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்