குமாரமங்கலத்துப் பெண்

பீளமேடு

அன்புள்ள பழனிசாமிக்கு,

திருச்செங்கோட்டுப் பக்கம் குமாரமங்கலத்தில் இறங்கி டீ குடித்தபோது, அந்த ஊர் ஜமீன் பிள்ளைகள் எப்படிக் கம்யூனிஸ்ட் ஆனார்கள் என்று யோசித்ததாக எழுதியிருந்தாய். எனக்கு மோகன் குமாரமங்கலத்தைக் காட்டிலும் தங்கை பார்வதி கிருஷ்ணன் மேல்தான் மதிப்பு அதிகம். கோவைக்காரன் என்பதால் கொஞ்சம் ஓரவஞ்சனையும் இருக்கலாம்.

தகப்பனார் சுப்பராயன் ஜமீன்தார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சர். தாயார் ராதாபாய் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றவர். அண்ணன் ஒருவர் பின்னாளில் இராணுவத் தலைமைத் தளபதி. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து மோகன் கேம்பிரிட்ஜுக்கும் பார்வதி ஆக்ஸ்ஃபோர்டுக்கும் போய், இருவரும் கம்யூனிஸ்டுகளாகத் திரும்பினார்கள்.

சொத்தை உதறினார்கள் என்ற புகழ்ச்சி மட்டும் எனக்கு ஒட்டுவதில்லை. படிப்பும் செல்வாக்கும் கூடவே வந்தன. மில் தொழிலாளி ஜெயிலுக்குப் போனால் வீட்டில் உலை ஏறாது. 1957இல் பார்வதி இங்கே மக்களவைக்கு நின்றபோது, தலையெல்லாம் பஞ்சோடு வீடு திரும்பிய என் அப்பா, "ஜமீன் ஊட்டுப் புள்ளைக்கு நம்ம பாடு என்ன தெரியும்?" என்றாராம். ஆனாலும் பார்வதி ஜெயித்தார்.

காங்கிரசுக்குப் போய் மத்திய அமைச்சராகி, நிலக்கரிச் சுரங்கங்களை அரசுடைமையாக்கிய மோகன், 1973 மே 31 அன்று டெல்லி விமான விபத்தில் மாண்டார். இறந்த 48 பேரில் நம் கோவை எம்.பி. பாலதண்டாயுதமும் ஒருவர். அண்ணனைப் பறித்த அதே விபத்தால் காலியான தொகுதியில், 1974 இடைத்தேர்தலில் தங்கை நின்று வென்றார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் என்னவோ செய்கிறது. அந்தத் தேர்தலில் அம்மாவின் தோசைமாவுக் குண்டாவில் மைதாப் பசை காய்ச்சி, இரவெல்லாம் போஸ்டர் ஒட்டியவர் என் அப்பா. குண்டாவின் அடி தீய்ந்து, அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஏனப்பா மனம் மாறினீர்கள் என்று பிறகொரு நாள் கேட்டேன். "அண்ணன் போயிட்டாரு, அந்தம்மா போகுல" என்றார். அவர் சொன்னது சாவை அல்ல, கட்சியை. பார்வதி 2014இல் கண்மூடும்வரை அதே கம்யூனிஸ்ட் கட்சியில்தான் இருந்தார்.

அப்பா வேலை பார்த்த மில்லை இடித்துவிட்டார்கள். அவருடைய தகரப் பெட்டியில் சங்கச் சந்தா ரசீது ஒன்று அகப்பட்டது. கையெழுத்து யாருடையது என்று புரியவில்லை. தைப்பூசத்துக்கு வரும்போது உன் பூதக்கண்ணாடியை மறக்காமல் எடுத்து வா.

உன் நண்பன்,
வேலுசாமி