ரேகை விழாத விரல்களுக்கும் அரிசி வேண்டும்

மதிப்பிற்குரிய உணவுப்பொருள் வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறை ஆணையர் அவர்களுக்கும் துறையின் உயர் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதக் கடைசியில் என் அம்மா ரேஷன் கடையிலிருந்து வெறும் பையோடு திரும்பி வந்தார். கடையில் அரிசி இருந்தது. வரிசையில் நின்று அவர் முறையும் வந்தது. ஆனால் மெஷினில் அவர் ரேகை விழவில்லை. இப்படி நடப்பது முதல் தடவை இல்லை. முன்பெல்லாம் "நாளைக்கு வாங்க" என்பார்கள், இரண்டு மூன்று முறை நடந்தால் எப்படியோ விழுந்துவிடும். இந்தத் தடவை மறுநாள் மாதம் பிறந்துவிட்டதால், அந்த மாத அரிசியே போய்விட்டது. எங்களுடையது மிக ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் அந்தியோதயா அட்டை. மாதம் 35 கிலோ அரிசி.

அம்மாவுக்கு முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊர்ப் பெண்களில் பலருக்கு அதுதான் பிழைப்பு. கொட்டையின் ஓட்டில் ஊறியிருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். சாம்பலையோ விளக்கெண்ணெயையோ கையில் தடவிக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவார்கள். அப்படியும் விரல் நுனி கறுத்து உரியும், புதுத் தோல் வருவதற்குள் மறுபடி பொசுங்கும். கையுறை போடலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். போட்டால் பருப்பு உடைந்துவிடும். முழுப் பருப்புக்குத்தான் விலை, கூலியும் எடைக்குத்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே வேலை செய்யும் அம்மாவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இன்று கண்ணாடி போல வழவழவென்று இருக்கின்றன. எந்த மெஷினில் வைத்தாலும் அதில் எடுப்பதற்கு எதுவும் இல்லை.

கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு விரலாக மாற்றி வைக்கச் சொல்கிறார், ஈரத்துணியால் துடைத்துவிட்டு வைக்கச் சொல்கிறார். பின்னால் நிற்பவர்கள் சத்தம் போட ஆரம்பித்ததும், "ரேகை விழாம பில் போட முடியாதும்மா, ஸ்டாக் குறைஞ்சா நான்தான் கட்டணும்" என்கிறார். அவர் சொல்வதும் உண்மைதான். ஆதார் மையத்துக்குப் போய்ப் புதுப்பித்து வரச் சொன்னார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் போனால் அங்கேயும் இதே விரல்களைத்தானே வைக்க வேண்டும்? ரேகைக்குப் பதில் கருவிழியைப் பார்க்கும் கண் மெஷின் சில கடைகளுக்கு வந்திருக்கிறது, எங்கள் கடைக்கு இன்னும் வரவில்லை. வந்தாலும் அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை. கார்டில் பெயர் உள்ள வேறு யாராவது வந்து ரேகை வைக்கட்டும் என்றால், வேறு யார் என்பது நான் மட்டும்தான். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறேன். ரேஷன் அரிசிக்காக மாதாமாதம் லீவு போட்டால் எனக்கு வேலை இருக்காது.

நீங்கள் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. நடக்க முடியாதவர்களுக்குப் பதிலாக வேறொருவர் பொருள் வாங்க அங்கீகாரப் படிவம் வைத்திருக்கிறீர்கள். 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் தொடங்கி, மூத்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் அனுப்புகிறீர்கள். நல்ல திட்டம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அம்மா நடக்க முடிகிறவர். வயதும் இன்னும் அறுபது ஆகவில்லை. கடைக்கு வர முடியாதவருக்கு ஒரு வழி இருக்கிறது. தன் காலால் நடந்து வந்து, கார்டை நீட்டி, தான்தான் என்று எதிரில் நிற்பவருக்கு மட்டும் வழி இல்லை. இது எப்படி நியாயம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் நாங்கள் கேட்பது புதிதாக ஒன்றும் இல்லை. 2017 அக்டோபரிலேயே மத்திய உணவுத் துறை எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. ரேகை பொருந்தவில்லை என்பதற்காகப் பொருளை மறுக்கக் கூடாது, ஆதார் அட்டையையும் குடும்ப அட்டையையும் நேரில் பார்த்துக் கொடுத்துவிட்டுத் தனிப் பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே போய், உரிய தானியம் கிடைக்காதவருக்கு அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி என்று பணம் தர வேண்டும் என்கிறது. எங்கள் ஊரில் அப்படி ஒரு படி இருப்பதே யாருக்கும் தெரியாது. 2020இல் ரேகைக் கருவி வருவதற்கு முன்பு நம் கடைகளில் ஸ்மார்ட் கார்டை ஸ்கேன் செய்தே பொருள் கொடுத்தீர்கள். அப்போதும் என் அம்மா எங்கள் கார்டுக்கு உரிய பங்கைத்தான் வாங்கினார்.

திருட்டைத் தடுக்கத்தான் ரேகை என்கிறீர்கள். சரி. அப்படியானால் ஆந்திராவுக்கும் கேரளாவுக்கும் டன் கணக்கில் கடத்தும்போது பிடிபடும் ரேஷன் அரிசி யாருடைய விரலை வைத்து வெளியே போகிறது? வாங்காத பருப்புக்கும் பாமாயிலுக்கும் செல்போனில் குறுஞ்செய்தி வருகிறதே, அது யார் ரேகை? மூட்டை மூட்டையாகக் கொண்டுபோகிறவர்களுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. கொட்டை உடைக்கும் பெண்ணிடம்தான் அத்தனை கண்டிப்பும். கல் தூக்குபவர், பாத்திரம் தேய்ப்பவர், சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் கை வைப்பவர் எல்லோருக்கும் இதே கதிதான். யாருக்கு இந்த அரிசி மிகவும் தேவையோ அவர்கள் விரல்தான் முதலில் தேய்கிறது.

கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கோபம் இருக்கிறது. ஆனாலும் கேட்பதை மரியாதையாகவே கேட்கிறேன். ரேகை விழாவிட்டால் அன்றைக்கே, அதே வரிசையிலேயே, செல்போனுக்கு வரும் ஓடிபி மூலமோ பதிவேட்டில் கையெழுத்து வாங்கியோ பொருளைக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்ததற்காகக் கடைக்காரர் மீது நடவடிக்கை வராது என்பதையும் சேர்த்து எழுத்துப்பூர்வமாக உத்தரவு போடுங்கள். அந்த உத்தரவு ஒவ்வொரு கடையின் விலைப்பட்டியல் பலகைக்குப் பக்கத்திலும் எல்லோரும் படிக்கிற மாதிரி தமிழில் ஒட்டப்பட வேண்டும். வாய்மொழியாகச் சொல்லிவிட்டோம் என்றால் எங்கள் கடை வரை வந்து சேராது. தவறிப்போன மாதத்தின் அரிசியை அடுத்த மாதம் சேர்த்துக் கொடுக்கவும் வழி செய்யுங்கள்.

அடுத்த மாத ஒதுக்கீடு கடைகளுக்கு வருவதற்குள் இந்த உத்தரவு வந்துவிட்டால் பெரிய உதவியாக இருக்கும். தயவுசெய்து கவனிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அந்தியோதயா அட்டைதாரர் ஒருவரின் மகன்