உதயணனின் கிரீடம் எப்போது இறங்க வேண்டும்

சுங்கை சிப்புட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய நாடகப் பிரதியை மூன்று தடவை படித்துவிட்டேன். சோழனையும் பாண்டியனையும் விட்டுவிட்டு உதயணன் கதையை எடுத்ததற்கே உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், உடை பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளிடம் நீ காட்டவும் வேண்டியிருக்கும். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் உன் உடைப் பட்டியல். எட்டுக் காட்சியிலும் உதயணனுக்கு ‘ராஜா உடை, கிரீடம்’ என்று எழுதியிருக்கிறாய். அதை அடித்துவிடு. தான் ராஜா என்பதையே மறந்து போனவனின் கதை இது. இவன் தலைநகர் கோசாம்பி எதிரி ராஜா ஆருணியின் கையில் கிடக்கிறது, அதை மீட்கும் நினைப்பே இல்லாமல் இவன் மனைவி வாசவதத்தையின் மடியில் கிடக்கிறான். அந்த மோகம் தாங்க முடியாமல் போய்த்தான் அமைச்சன் யூகி அரண்மனைக்குத் தீ வைக்கச் சொல்லி, அவள் செத்துவிட்டாள் என்று இவனையே நம்ப வைக்கிறான். இப்படிப்பட்டவன் கடைசி வரைக்கும் தகதகவென்று நின்றால், அவன் எதை இழந்தான் என்று கீழே உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? வசனம் சொல்வதற்கு முன்பே தலை சொல்லிவிட வேண்டும்.

முதல் காட்சி கோசாம்பி சபை. அங்கே மட்டும் முழு அலங்காரம்: கிரீடம், தோள்வளை, உதரபந்தம், காதில் குண்டலம், எல்லாம். உஞ்சை நகரத்துச் சிறையில் ஒன்றுமே இல்லை, பழைய வேட்டி ஒன்று போதும். யாழ் சொல்லிக்கொடுக்கும் காட்சியில் வாசவதத்தையின் அப்பா பிரச்சோதனன் கொடுத்த ஒரு நல்ல மேல்துண்டு தோளில் இருக்கட்டும், நகை கூடாது. சயந்தி நகரத்தில் கல்யாணம் முடிந்த பிறகுதான் இந்தக் கதையின் உயிரே இருக்கிறது. கிரீடத்தை அங்கே மேடையில் வை, ஆனால் அவன் தலையில் வைக்காதே. மேடையின் இடது முன்பக்கம் ஒரு முக்காலி, அதன்மேல் கிரீடம், அதன்மேல் வாசவதத்தையின் மேலாடை தவறி விழுந்து கிடக்கிறது. அவன் தலையில் பூச்சரம். அமைச்சர் வந்து நாட்டு நிலைமையைச் சொல்லும்போது அவர் கண் அந்த முக்காலிக்குப் போகட்டும், அவன் கண் போகக் கூடாது. இதற்கு ஒரு வரி வசனமும் வேண்டாம், பாப்பா.

மகதத்துக்கு அவன் மாறுவேடத்தில் மாணகன் என்ற பெயரில் போகிறான். வெள்ளை வேட்டி, பூணூல், குடுமி. கடைசிக் காட்சியில் அமைச்சர்கள் கிரீடத்தை எடுத்து வைக்கும்போது அவன் கழுத்து ஒரு நொடி இறங்கி நிமிரட்டும். அதே கிரீடம்தான், கனம் கூடிவிட்டது என்று தெரிந்தால் போதும்.

கிரீடம் செய்யும் விதம் சொல்கிறேன். சபையில் ராஜாவுக்கு உருளை வடிவ கிரீட மகுடம் வை. குடங்களை அடுக்கினாற்போல் மேலே சிறுத்துப் போகும் கரண்ட மகுடத்தைச் செப்புச் சிலைகளில் அம்மனுக்கும் பரிவார தேவதைகளுக்கும் பார்க்கலாம், அதைக் கொண்டுவந்து இவன் தலையில் வைத்துவிடாதே. தலையைச் சுற்றி நெற்றிக்கு நடுவே அளந்துகொள். பெரும்பாலும் 56 முதல் 58 சென்டிமீட்டர் இருக்கும், அதோடு ஒன்றரை சென்டிமீட்டர் கூட்டு, ஏனென்றால் உள்ளே பஞ்சுப்பட்டை வரும். உயரம் 22 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வணங்கும்போது முன்னால் சரியும், பையன் வசனத்தை விட்டுவிட்டுக் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். எடை 350 கிராமுக்குள் இருக்கட்டும்.

தெர்மகோல் வேண்டவே வேண்டாம். தங்க நிற ஸ்ப்ரே அடித்தால் அதிலுள்ள கரைப்பான் தெர்மகோலைத் தின்று பள்ளம் பள்ளமாக்கிவிடும். 5 மில்லிமீட்டர் ஃபோம் பாய், யோகாவுக்கு விரிப்பார்களே, அதை வாங்கி வெட்டு. ஓரத்தை ஹீட் கன்னால் லேசாகச் சூடாக்கி வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். வேலைப்பாட்டுக்கு சணல் கயிற்றை வெள்ளைப் பசையில் தோய்த்து ஒட்டு. அதன்மேல் வெள்ளைப் பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் காய ஓர் இரவு ஆகும், மழைக்காலத்தில் இரண்டு ஆகும். அவசரப்பட்டு ஈரத்தின்மேல் பெயிண்ட் அடித்தால் இரண்டே நாளில் தோல் உரிந்தமாதிரி வரும். முதலில் அடர் பழுப்பு, காய்ந்ததும் தங்கம், அதன் பிறகு தண்ணீர் விட்ட பழுப்பைத் தடவி உடனே துணியால் துடை. பள்ளங்களில் பழுப்பு நின்றுவிடும், மேடுகள் மின்னும். அப்போதுதான் தூரத்தில் இருப்பவருக்கு வேலைப்பாடு தெரியும். வெறும் தங்கம் விளக்கு வெளிச்சத்தில் ஒரே மஞ்சள் உருண்டையாகத்தான் இருக்கும். உள்ளே இரண்டு பக்கமும் நாடா தைத்து, பின்தலையில் முடிந்து, ஹேர்பின் குத்திவிடு.

வேட்டிக்கு 10 முழம், கிட்டத்தட்ட நாலரை மீட்டர், பருத்தியாகவே வாங்கு. பாலியெஸ்டர் பளபளப்பாகத்தான் இருக்கும், ஆனால் வியர்வையில் தொடையோடு ஒட்டிக்கொண்டு நடையைக் கெடுக்கும். பஞ்சகச்சத்தை ஒவ்வொரு தடவையும் கட்ட நேரம் இருக்காது. ஒருமுறை நன்றாகக் கட்டி, கொசுவங்களை ஊசி குத்தி நிறுத்தி, இடுப்பில் 4 சென்டிமீட்டர் எலாஸ்டிக் பட்டியோடு தைத்துவிடு. பின்கச்சத்தை மட்டும் தைக்காமல் கொக்கி போடு. வெல்க்ரோ கூடாது, இருட்டில் மாற்றும்போது அந்தச் சர்ரென்ற சத்தம் கடைசி வரிசை வரை கேட்கும். சிறையிலிருந்து யாழ்க் காட்சிக்கு மாற 40 வினாடிதான் உனக்கு இருக்கிறது. ஒத்திகையில் கடிகாரம் வைத்து 10 தடவையாவது மாற்றிப் பார்க்கச் சொல்.

இன்னொன்று: மலாய்க் கல்யாணத்துக்குப் போடுகிற சொங்கேட் ஜரிகைத் துணி மலிவாகக் கிடைக்கிறது என்று அதை எடுத்துவிடாதீர்கள். கண்ணுக்கு அழகுதான். ஆனால் நம் சனங்கள் பார்த்த மாத்திரத்தில் இது மலாய் மாப்பிள்ளை உடை என்று கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் கோசாம்பி எங்கே இருக்கும்? காஞ்சிபுரம் பழைய சேலைக் கரையைக் கத்தரித்து வேட்டி ஓரத்தில் தைத்தால் போதும்.

வாசவதத்தைக்கு இரண்டே நிலை. முதல் பாதியில் 9 கஜம், பின்கச்சம் வைத்து. பத்திராபதி யானைமேல் ஏறும் காட்சியில் 6 கஜம் கட்டினால் கால் தடுக்கும். தோளும் கையும் தோல் நிறத்தில் இறுக்கமான துணி. இரண்டாம் பாதியில் அவள் தன்னை மறைத்துக்கொண்டு வாழ்கிறவள், கணவனைப் பிரிந்தவள். ஒற்றைப் பின்னல், பூ இல்லை, வெளிறிய சேலை. கண்ணாடி வளையல்களை மறக்காமல் கழற்றிவிடு. கனவுக் காட்சிக்காகச் சொல்கிறேன். படுத்திருப்பது அவனுடைய இரண்டாம் மனைவி பதுமாபதி என்று நினைத்து அவள் கட்டிலில் உட்காருகிறாள், தூக்கத்தில் அவன் இவள் பெயரைச் சொல்கிறான், கட்டிலுக்கு வெளியே தொங்குகிற அவன் கையை எடுத்து மெதுவாக மேலே வைத்துவிட்டுப் போகிறாள். அந்த இடத்தில் வளையல் ஒரு தடவை கிணுங்கினாலும் போச்சு. அவன் கையிலும் கடகம் இருக்கக் கூடாது. வெறும் கை தெரிய வேண்டும்.

அந்தக் காட்சி பாசனின் வடமொழி நாடகத்தில் இருக்கிறது, திருவனந்தபுரத்தில் 1912இல் அச்சானது. உதயணன் கதையைத் தமிழில் சொல்லும் நம் பெருங்கதை கொங்குவேளிர் செய்தது. உ.வே.சா. 1924இல் பதிப்பித்தபோதே தலையும் வாலும் கிடைக்கவில்லை. உஞ்சைக் காண்டத்தில் முதல் 31 பகுதிகள் போய்விட்டன. மாய யானையைக் காட்டி உதயணனைப் பிடிக்கிற கட்டம் அந்தத் தொலைந்த பகுதியில்தான் போயிற்று. அதனால் அந்தக் காட்சிக்கு நீ உதயணகுமார காவியத்தைப் பார். ‘பெருங்கதையில் உள்ளபடி’ என்று நிகழ்ச்சித்தாளில் போட்டிருக்கிறாயே, அதை மாற்று. யாராவது தமிழாசிரியர் எழுந்து கேட்டால் உன் பேர்தான் கெடும்.

மாய யானை செய்ய ஃபோம் எல்லாம் வேண்டாம், ரோத்தான் பிரம்பு போதும். சுண்டுவிரல் பருமன் உள்ளதை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து வளைத்துக் கட்டு. தலை, முதுகு, பக்கம் மூன்றும் தனித்தனிக் கூடாக இருக்கட்டும், அப்போதுதான் மண்டபக் கதவில் நுழையும். மேலே சாக்குத்துணி, அதன்மேல் பழைய வேட்டிக் கிழிசல். தும்பிக்கைக்கு மட்டும் துணியை ரப்பர் பாலில் தோய்த்து மூன்று சுற்று சுற்றினால் காய்ந்த பிறகும் வளையும், ஆடும். ஒன்று கவனம். தோட்டத்திலிருந்து மங்குப் பாலை, அதாவது ரப்பர் மரத்துக் கிண்ணத்தில் வடிந்த பாலை, நேராக எடுத்துவந்தால் மத்தியானத்துக்குள் உறைந்து கட்டிப்பாலாகிவிடும். அம்மோனியா சேர்த்த பால்தான் நிற்கும். அதன் நெடி கண்ணைக் கரிக்கும், வெளியே வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும், கையுறை போட வேண்டும். அந்தப் பாலை யாருடைய முகத்திலும் மீசை ஒட்டத் தடவிவிடாதீர்கள். ரப்பர் பால் ஒத்துக்கொள்ளாமல் மூச்சே அடைக்கிற ஆட்கள் உண்டு, முன்னாலேயே எல்லோரையும் கேட்டுவிடு. மீசைக்கு ஸ்பிரிட் கம், நன்றாகச் சவரம் செய்து துடைத்த தோலில், நாடகத்துக்கு அரை மணி முன். முகப்பூச்சு மீசைக்குப் பிறகுதான். பூச்சின்மேல் ஒட்டினால் வியர்த்ததும் ஒரு பக்கம் தொங்கும்.

யானைமேல் தப்பிக்கும் காட்சிக்கு ஒரு யோசனை. கோசாம்பியில் கிடைத்த பழைய சுடுமண் பலகை ஒன்றில் இதே காட்சி இருக்கிறது: யானையின் பின்னால் உட்கார்ந்தவன் பையிலிருந்து காசை அள்ளிக் கொட்டுகிறான், துரத்தி வந்தவர்கள் அதைப் பொறுக்குகிறார்கள். உதயணனின் தோழன் வயந்தகனைப் பின்னால் உட்கார வைத்து அதைச் செய்யச் சொல். காசு உலோகமாக வேண்டாம், யாராவது மிதித்து வழுக்கி விழுவார்கள். அட்டையில் தங்கத்தாள் ஒட்டி, சத்தத்தைப் பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து கொடு.

யாழுக்கு வீணையை வாடகைக்கு எடுக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். கூடாது, கண்ணு. இந்த மோகத்துக்கே வித்து அந்த யாழ்தான். மதம் பிடித்த நளகிரி யானையை அடக்கியதும் யாழ், வாசவதத்தையைச் சேர்த்ததும் யாழ். யாழில் வீணையைப் போல மெட்டு கிடையாது, ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு சுரம். கோடு என்கிற வளைந்த தண்டு, அடியில் பத்தர் என்கிற குடம், அதன்மேல் தோல் போர்வை, இரண்டுக்கும் நடுவே நரம்புகள். மேடைக்கு 7 நரம்பு போதும், செங்கோட்டி யாழுக்கு அதுதான் கணக்கு. கோட்டுக்குப் பெருவிரலைவிடத் தடித்த ரோத்தானை நீராவியில் காட்டி வளைத்து, கயிற்றால் இழுத்துக் கட்டி மூன்று நாள் விடு. பத்தருக்குக் காய்ந்த சுரைக்குடுக்கை. தங்கூசி என்கிற நைலான் நரம்பைக் கட்டினால் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, பையன் காற்றைக் கிள்ளுகிறமாதிரி இருக்கும். மஞ்சள் நூலை மெழுகில் தேய்த்துக் கட்டு.

தீ வைக்கும் காட்சிக்கு நெருப்பு கொண்டுவராதே. கற்பூரம், மண்ணெண்ணெய், தட்டில் தீ எதுவும் வேண்டாம். பொய்முடியும் பாலியெஸ்டரும் பற்றினால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு மீட்டர் நீளத்தில் மெல்லிய பட்டுத் துணியைக் கூர்நுனியாக வெட்டி, மரப்பட்டையில் 15, 20 வரிசையாக ஆணியடித்து, அடியில் இரண்டு மின்விசிறி, ஆரஞ்சும் சிவப்பும் விளக்கு. விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் தீ மூச்சு விடும். புகை மெஷின் வைத்தால் தரை வழுக்கும், மண்டபத்துப் புகை மணி அடிக்குமா என்றும் முன்னாலேயே கேட்டுக்கொள். நீல விளக்கு எங்கெல்லாம் வருகிறதோ அங்கே சிவப்புச் சேலை கறுப்பாகிவிடும், கனவுக் காட்சிக்கு வெளிறிய சேலை சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

சுரைக்குடுக்கை ஒன்றும் ரோத்தான் இரண்டு கட்டும் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஸ்கூடாய்க்கு வருகின்றன. குடுக்கையை அப்பா பழைய சாரத்தில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்திருக்கிறார். பிரிக்கும்போது கத்தியை ஓரத்தில் மட்டும் போடு. உள்ளே விதை கிடந்து கலகலக்கும், தோல் போர்த்துவதற்கு முன் அதைக் கொட்டிவிடு.

அன்புடன்,
அம்மா