பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஏறு, மனே

கொழும்பு 06
ஞாயிறு காலை

அன்பு மகனுக்கு,

நானும் அம்மாவும் நல்ல சுகம். நீயும் எங்கள் மருமகப் பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டுமென்று கதிரேசனை வேண்டிக்கொள்கிறோம். அம்மா இந்த முறையும் கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் பிடித்தாள். சீனி வருத்தக்காரி பிடிக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியும் கேட்கவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் பம்பலப்பிட்டிக்குப் போய் நனைந்துகொண்டு வருவாள். இங்கே பின்னேரமானால் இடியும் மழையும்தான். வேறு புதினம் இல்லை.

நீ அனுப்பிய படம் கிடைத்தது. ஒரு சொல்லும் எழுதாமல் படத்தை மட்டும் அனுப்பியிருந்தாய். மரத்தில் ஏணி, ஏணி உச்சியில் இரும்புக் கதிரை, கதிரையில் உன் வில். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வில்லைப் பார்க்கவில்லை மனே, பெல்ட்டைத்தான் தேடினேன். மரத்தைச் சுற்றிக் கட்டுகிற பட்டியையும் காணவில்லை, உன் மேலில் மாட்டுகிற பட்டியையும் காணவில்லை. படத்துக்கு வெளியே இருந்திருக்கலாம். இருந்ததா?

அந்தக் கதிரை 18 அடி உயரமாவது இருக்கும். உங்கள் கனடாப் பக்கத்தில் மான் வேட்டைக்காரர் அதிகமாக அடிபடுவது மரத்தால் விழுந்துதான், கரடியாலும் இல்லை, மற்றவனுடைய வெடியாலும் இல்லை. நிலத்தில் நிற்கும்போதே பெல்ட்டை மாட்டு. திரும்ப நிலத்தில் கால் வைத்த பிறகுதான் கழற்று. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் விழுகிறார்கள், கதிரையில் இருக்கும்போது குறைவு. வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறாதே. கயிற்றில் கட்டிக் கீழே வைத்துவிட்டு ஏறி, இருந்து, பெல்ட்டைக் கட்டி, அதற்குப் பிறகு வில்லை மேலே இழு. விழுந்து பட்டியில் தொங்கினால் அது தொடையை இறுக்கி இரத்தத்தை மறிக்கும், கன நேரம் தாங்காது. கால் வைத்து மிதிக்க ஒரு வளையக் கயிறு பக்கத்தில் இருக்கவேண்டும். கூப்பிட ஒரு ஆளும் இருக்கவேண்டும்.

நீ தனியத்தான் போகிறாயாம்.

பிள்ளை ஒன்றும் முறையிடவில்லை. அவளைக் குறை நினைக்காதே. அம்மா கேட்டதற்கு, "அவர் காட்டுக்குப் போயிட்டார் மாமி" என்று மட்டும் சொன்னாளாம். போன ஞாயிறும் அதே பதில், அதற்கு முந்திய ஞாயிறும் அதே பதில். ஐந்து ஞாயிறாக உன் குரலை நாங்கள் கேட்கவில்லை. அங்கே உங்களுக்கு ஒக்டோபரில் தொடங்கிற சீசன், எனக்குத் தெரியும். போன வருஷமும் சீசன் இருந்தது. போன வருஷம் நீ சனிக்கிழமை இரவுக்கு வீட்டுக்கு வந்து எங்களுக்குப் போன் எடுத்தாய்.

நீ வில் எடுத்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. ஸ்காபரோவில் பிறந்த உன் கூட்டாளிமாரின் பிள்ளைகளெல்லாம் ஹொக்கி மட்டையோடு திரிய, என்னுடைய மகன் நாற்பது வயதில் வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசன்ஸ் எடுத்து வில் பிடித்தான். மானுக்கு 18 கிலோ இழுவைக்குக் குறைந்த வில் அங்கே சட்டப்படி கூடாது என்று நீ சொன்னபோது, அப்புச்சியின் வில் எத்தனை கிலோ இருந்திருக்கும் என்று இரவெல்லாம் யோசித்தேன். பதினாறு வயதில் எனக்கு அதைக் காதுவரை இழுக்க முடியவில்லை. உன்னுடைய சில்லு வைத்த வில் 60 இறாத்தலை இழுத்து முடித்ததும் 80 வீதத்தைத் தானே தாங்கிக்கொள்ளும், கையில் 12 இறாத்தல்தான் நிற்கும். அப்புச்சியின் வில்லில் இழுக்க இழுக்கப் பாரம் கூடும். அதனால் அவர் இழுத்து வைத்துக்கொண்டு யோசிப்பதில்லை. யோசித்து முடித்த பிறகுதான் இழுப்பார்.

அந்த வில் 90 இல் நாங்கள் கதிரவெளியை விட்டு ஓடும்போது கூரை முகட்டிலேயே கிடந்தது. ஒரு அம்பு முனையை மட்டும் சேட்டுப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். இப்போது அது இந்த மேசையில், கடதாசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு முறை தேங்காய் எண்ணெய் பூசி வைக்கிறேன், வெள்ளவத்தைக் கடல் காற்று இரும்பை விடாது. நடுவில் என் பெருவிரல் நகம் அளவுக்கு ஒரு பள்ளம், கொல்லன் சுத்தியல் தவறின இடம். கண்டி அரசனிடம் ஏறக்குறைய 20 வருஷம் சிறைப்பட்டிருந்த ரொபேர்ட் நொக்ஸ் 1681 இல் வேடரைப் பற்றி எழுதியிருக்கிறான்: இரவில் வந்து கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய அம்பு முனையின் வடிவத்துக்கு ஒரு இலையையும் வெட்டி வைத்துவிட்டுப் போவார்களாம். ஆளை ஆள் பார்ப்பதில்லை. அதைப் படித்தபோது அப்புச்சி இலை வெட்டுகிற கை என் கண்ணில் வந்தது. நாங்கள் அந்த வழி ஆட்கள் என்று கொழும்பில் நீ படித்த காலத்தில் யாருக்கும் சொல்லாதே என்று உன்னைத் தடுத்தேன். அது என்னுடைய பயம். நீ இப்போது சொல்லலாம்.

ஒரு விஷயத்தில் எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. போன வருஷம் 40 யாரில் விட்டேன் என்று பெருமையாகச் சொன்னாய். உன் அம்பு செக்கனுக்கு 85 மீற்றர் போகும் என்றாய். சத்தம் 340 மீற்றர் போகும். நாண் அடிக்கிற சத்தம் முதலில் மானிடம் போய்விடும், அம்பு பிறகுதான் போகும். 40 யாரில் இரண்டுக்கும் நடுவில் மூன்றில் ஒரு செக்கன் இருக்கிறது. பயந்த மானுக்கு அது காணும். பாய்வதற்கு முதலில் அது பதியும். பதிந்தால் நெஞ்சுக்கு விட்ட அம்பு முதுகுக்கு மேலால் போகும். திரும்பினால் வயிற்றில் ஏறும். அப்புச்சி 15 எட்டுக்கு மேல் விட்டதை நான் காணவில்லை. "கிட்டப் போகத் தெரியாதவன்தான் தூரத்திலிருந்து விடுவான்" என்பார். பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது கொஞ்சம் அங்கால் திரும்பி நிற்க வேண்டும். உன்னைப் பார்த்து நிற்கிற மானுக்கு விடாதே. தலையைத் தூக்கிக் காலால் நிலத்தைத் தட்டுகிற மானுக்கு விடாதே. மரத்திலிருந்து கீழே விடும்போது கையைத் தாழ்த்தாதே, இடுப்பை வளை. பின்னேரம் நிலம் குளிர, காற்று பள்ளத்துக்கு இறங்கும், உன் மணமும் அதோடு இறங்கும். துவக்குக்காரருக்குத் திறந்த நாட்களில் செம்மஞ்சள் உடுப்பைப் போடு. வீட்டுக்கு வந்ததும் உண்ணி கடித்திருக்கிறதா என்று பிள்ளையிடம் முதுகைக் காட்டு. அவளிடம் காட்டு.

பெல்ட்டைக் கட்டு.

வெடி அதிர்ச்சியில் விழுத்தும். அம்பு வெட்டுகிறது, இரத்தம் போய்த்தான் மிருகம் விழும். ஆகவே விட்ட பிறகுதான் வேட்டைக்காரனுடைய வேலை தொடங்குகிறது. இலையில் கிடக்கிற இரத்தத்தைக் கையில் எடுத்துப் பார். இளஞ்சிவப்பாக, நுரையோடு இருந்தால் நுரையீரல், அரை மணித்தியாலம் பொறுத்துப் போகலாம். கறுப்பாக இருந்தால் ஈரல், மூன்று நாலு மணித்தியாலம். பச்சை கலந்து சாணி மணம் வந்தால் குடல். அப்படியென்றால் திரும்பி வா. எட்டு, பத்து, பன்னிரண்டு மணித்தியாலம் அதைத் தனிய விடவேண்டும். கலைக்காவிட்டால் கிட்டவே படுக்கும், படுத்த இடத்திலேயே முடியும். கலைத்தால் மைல் கணக்கில் ஓடும், நீயும் காணமாட்டாய், அதுவும் சுகமாகச் சாகாது. இதைத்தான் அப்புச்சி எனக்கு முதலில் படிப்பித்தார். அடிபட்டதைத் தனிய விடு என்று.

இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு மூன்று நாள் எழுதவில்லை.

உனக்கு மூத்தவளைப் பற்றி நான் உன்னோடு கதைத்ததில்லை. அம்மா எவ்வளவு சொன்னாளோ எனக்குத் தெரியாது. 1979 மாசியில் அவளுக்குக் காய்ச்சல் கடுமையாக இருந்த இரவு நான் சேனையில் பரணில் இருந்தேன். பன்றி வந்து பயிரை அழிக்கிறது, காவல் வேணும் என்று சொல்லிவிட்டுப் போனேன். காவலுக்கு வேறு ஆள் இருந்தது. விடியப் பன்றியைத் தடியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தோம். படலையடியில் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் பன்றியைப் பார்க்கவில்லை.

அது விதி என்று அம்மா சொன்னாள், அப்புச்சியும் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு நான் செய்ததை விதி செய்யவில்லை. நாலு மாதம் நான் வீட்டில் இரவு தங்கவில்லை. தேவையோ தேவையில்லையோ வில்லைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனேன். மானுக்கும் விட்டேன். 1937 இலிருந்து காட்டு மிருகங்களைக் காக்கிற சட்டம் இருக்கிறது, தெரிந்துகொண்டுதான் விட்டேன். பரணில் இருந்தால் ஒருவருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை. மூச்சை அடக்கி இருக்கலாம். இலை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் வேறொன்றும் மனதில் வராது. உனக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பின்னேரம் அம்மா வாசலில் நின்று, "இண்டைக்கு மட்டும் நில்லுங்க" என்றாள். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கிறவள் இல்லை. நான் அவளைத் தாண்டிப் போனேன். அவள் அழட்டும், தனிய இருக்கட்டும், ஆறிவிடும் என்று நினைத்தேன். காட்டில் படித்ததை வீட்டில் செய்தேன், மனே. அடிபட்டதைத் தனிய விட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னை நில்லுங்க என்று கேட்டதே இல்லை. மறுகா நீ பிறந்தாய், இடம்பெயர்ந்தோம், கொழும்புக்கு வந்தோம், எல்லாம் நடந்தது. ஆனால் அந்தப் பேச்சு அந்த வாசலோடு நின்றுவிட்டது.

நேற்றிரவு நான் அவளுடைய பேரை அம்மாவிடம் சொன்னேன். சாமி விளக்கை அணைக்கப் போனவள் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். கன நேரம். பிறகு, "மஞ்சள் சட்டைதான் போட்டுவிட்டனான், உங்களுக்குத் தெரியுமா" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. நான் அங்கே நின்றேன், மண் போட்டேன், என்ன நிறச் சட்டை என்று பார்க்கவில்லை. விடிய இரண்டு மணிவரை அம்மா கதைத்தாள். அந்தச் சட்டைத் துணி எங்கே வாங்கினது, யார் தைத்தது, கையில் ஏன் கொஞ்சம் பெரிசு என்றெல்லாம். நான் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

வைகாசிக்குப் பிறகு நாங்கள் உங்களிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நோகும் என்று நினைத்தோம். அம்மா பின்னின தொப்பி இன்னும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று பிள்ளையிடம்தான் கேட்கவேண்டும், நாங்களாக ஒன்றும் செய்யமாட்டோம்.

நீ வேட்டையை விடவேண்டாம். உன் கை நல்ல கை, நீ விடுகிற அம்பைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். ஆனால் வருகிற சனிக்கிழமை போகாதே. ஒரு சனிக்கிழமைதான் கேட்கிறேன். பிள்ளை ஒன்றும் கதைக்காவிட்டாலும் பரவாயில்லை, நீ அந்த வீட்டில் இரு. அவள் சமைக்கிறாளா, சாப்பிடுகிறாளா, இரவில் நித்திரை கொள்கிறாளா என்று எங்களுக்குச் சொல்ல வேண்டியவன் நீ. அம்மாவுக்கு அவள் "ஓம் மாமி, ஓம் மாமி" என்றுதான் சொல்கிறாள்.

அம்மா பார்சல் கட்டுகிறாள். மிளகாய்த்தூள், ஒடியல் மா, பிள்ளைக்கு இரண்டு கொட்டன் சட்டை. அம்பு முனையையும் வை என்றாள். நான் வைக்கவில்லை. தபாலில் அனுப்பக்கூடிய சாமான் இல்லை அது. நீயும் பிள்ளையும் வந்து எடுங்கள்.

அடுத்த ஞாயிறு எங்களுக்குக் காலை ஏழு மணி, உங்களுக்கு சனி இரவு. போன் என் பக்கத்தில் இருக்கும். இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டுகிறேன்.

அதற்குப் பிறகு என்றைக்குப் போனாலும் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஏறு.

அன்புள்ள
அப்பா