ஹ்யூகோ நாவலோட ஹீரோ கூனன் இல்ல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோ பத்தி வந்த கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அவரோட 1831 நாவலை 'கூனன் கதை'ன்னு ஒரே வரியில முடிச்சுட்டீங்க பாருங்க, அதுதான் மனசு கேக்கல. தலைப்புல கூனனைக் கொண்டு வந்ததே இங்கிலீஷ்ல போட்டவங்கதான். ஹ்யூகோ வச்ச தலைப்பு 'நோத்ர தாம் த பாரி', அதாவது பாரிஸ்ல இருக்கற பெரிய சர்ச்சோட பேருதான், கதைக்கு ஹீரோவும் அந்த சர்ச்தான்.

அப்போ அந்த சர்ச் கேக்க நாதியில்லாம கிடந்துச்சு. முகப்புல வரிசையா நின்ன 28 ராஜா சிலைங்களை 1793ல புரட்சிக்காரங்க பிரெஞ்சு ராஜாக்கள்னு நெனச்சு தலையை வெட்டி இறக்கிட்டாங்க, ஆனா அதெல்லாம் பைபிள்ல வர்ற யூதா நாட்டு ராஜாக்களாம்! (அதுல 21 தலை 1977ல பாரிஸ்ல மண்ணுக்குள்ள இருந்து கெடச்சது, அது தனிக்கதை.) இந்த நெலமையிலதான் ஹ்யூகோ கதையை அப்படியே நிறுத்திட்டு, பக்கம் பக்கமா கட்டடத்தைப் பத்தியே எழுதறாரு, யார் இடிச்சா, யார் கண்டபடி மாத்திக் கட்டுனான்னு ஒவ்வொருத்தரையா போட்டுத் தாக்கறாரு. நாவல் பிச்சுக்கிட்டு போச்சு, ஜனங்க பார்வையும் மாறுச்சு, 1844ல லஸ்ஸு, வியோலே லெ த்யூக்னு ரெண்டு ஆர்க்கிடெக்ட்டுங்க கையில ரிப்பேர் வேலை வந்துச்சு, முடிக்க சுமார் 20 வருஷம். 2019ல தீப்பிடிச்சு டிவியில எல்லாரும் பாக்க பாக்க சரிஞ்சு விழுந்துச்சே ஒரு கூர்கோபுரம், அது அந்த ரிப்பேர்ல கட்டுனதுதான், ஹ்யூகோ நாவல் எழுதும்போது அங்க கூர்கோபுரமே கெடையாது, முகப்புல இருக்கற ரெண்டு கோபுரம் மட்டும்தான். அந்த தீ நடந்த ரெண்டு மூணு நாள்லயே பிரான்ஸ்ல இந்த நாவல் விற்பனையில மேல ஏறிடுச்சு. 188 வருஷத்துக்கு முந்தின புக்கு சார்!

நானும் மொதல்ல சுருக்கப் பதிப்புதான் படிச்சேன். போரடிக்கும்னு கட்டடம் வர்ற பகுதி மொத்தத்தையும் தூக்கிட்டாங்க, அந்த சர்ச் கட்டடத்தைக் காப்பாத்துன பகுதியே அதுதான்! முன்னுரையையும் தூக்கிட்டாங்க. அதுல ஹ்யூகோ சொல்றாரு: அந்த ரெண்டு கோபுரத்துல ஒண்ணுக்குள்ள ஒரு இருட்டு மூலையில 'விதி'ன்னு அர்த்தம் வர்ற ஒரு கிரேக்க வார்த்தையை யாரோ கையால ஆழமா செதுக்கி வச்சிருந்ததைப் பாத்தேன், அப்பறம் சுவத்துக்கு வெள்ளையடிச்சாங்களோ சுரண்டினாங்களோ, அது காணாமப் போச்சு, அந்த ஒரு வார்த்தை மேலதான் இந்த புக்கே எழுந்துச்சுன்னு. அடுத்த தடவை ஹ்யூகோ பத்தி போட்டா அந்த முன்னுரையை மட்டுமாவது முழுசா மொழிபெயர்த்துப் போடுங்க சார், அரைப் பக்கம்கூட ஆகாது.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகன்