ஆறரை என்றால் ஆறரை

குடியாத்தம்

அன்புள்ள பாபுவுக்கு,

அம்மா எழுதுவது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு நான் குனியக்கூடாது, பளு தூக்கக்கூடாது. கண் ஆறும்வரை அப்பா உன் பொறுப்பு. போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய். அதனால் எழுதிவைக்கிறேன்.

முதலில் அப்பாவின் பார்க்கின்சன் (நடுக்குவாத) மாத்திரை. காலை 6.30, 10.30, மதியம் 2.30, மாலை 6.30. ஆறரை என்றால் ஆறரை. கொஞ்சம் தள்ளினால் என்ன ஆகிவிடும் என்று உனக்குத் தோன்றும். அரை மணி தள்ளினாலே அவருக்குச் சட்டைப் பித்தான் போட வராது. இந்த மாத்திரையில் இருக்கும் லெவோடோபாதான் மூளைக்குள் போய் டோபமைன் என்ற ரசாயனமாக மாறிக் கை காலை நடத்துகிறது. நாலு மணி நேரத்தில் தீர்ந்துபோகும்.

வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு கொடு. அரை மணி கழித்துத்தான் டிபன். ஏற்கனவே சாப்பிட்டிருந்தால் ஒரு மணி நேரம் போகட்டும். காபியோடு கொடுக்கவே கொடுக்காதே. பால், பருப்பு, முட்டை, கறி எல்லாவற்றிலும் இருக்கும் புரதமும் இந்த மருந்தும் குடலில் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். புரதம் முண்டியடித்துப் போய்விடும், மருந்து வெளியே நிற்கும். அதனால்தான் முட்டையையும் சுண்டலையும் ராத்திரிக்குத் தள்ளிவிட்டேன். வெறும் வயிற்றில் குமட்டுகிறது என்றால் இரண்டு மேரி பிஸ்கட் தரலாம்.

ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகக் கொடுக்காதே. கடையில் இல்லை என்று ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது. திடீரென்று நின்றால் உடம்பு கட்டையாகிக் காய்ச்சல் ஏறும், உயிருக்கே ஆபத்து. பதினைந்து நாளைக்கானது பீரோ மேல்தட்டில் இருக்கிறது. மலச்சிக்கல் வந்தாலும் மாத்திரை சரியாக வேலை செய்யாது. பப்பாளியும் தண்ணீரும் தினமும் வேண்டும்.

வாந்தி என்று பக்கத்துக் கிளினிக்குக்குப் போக நேர்ந்தால் வாய் திறந்ததும் பார்க்கின்சன் என்று சொல். வழக்கமாகக் கொடுக்கும் பெரினார்ம், ஸ்டெமெடில் இரண்டுமே டோபமைனை அடைத்துவிடும், அவருக்கு ஆகாது. உன் மாமா வந்தால் பூனைக்காலி விதைப் பொடி கொண்டுவருவார். நாட்டு மருந்துதானே என்பார். அதிலும் இருப்பது லெவோடோபாதான், வேண்டாம் என்பதே அதனால்தான். எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் மாத்திரைக்கு மேல் போட்டால் கை கால் தானாக நெளிய ஆரம்பிக்கும். மாமாவிடம் மறுத்துப் பேசாதே, வாங்கி மேலே வைத்துவிடு.

அடுத்தது நடை. பாத்ரூம் நிலைப்படியில் வந்ததும் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். உடம்பு மட்டும் முன்னால் சாயும். அந்த நேரத்தில் கையைப் பிடித்து இழுத்தால் இரண்டு பேரும் விழுவீர்கள். "வாங்கப்பா, சீக்கிரம்" என்றும் சொல்லாதே, அவசரப்படுத்த அவசரப்படுத்த இன்னும் இறுகும். நிற்கச் சொல். ஒரு மூச்சு விடட்டும். எடையை இடது காலுக்கும் வலது காலுக்கும் மெதுவாக மாற்றட்டும். பிறகு அவர் பாதத்துக்கு முன்னால் உன் பாதத்தைக் குறுக்கே வை, "இதைத் தாண்டுங்க" என்று சொல். தாண்டிவிடுவார். தானாக எடுத்துவைக்க வராத கால், கண்ணுக்கு ஒரு கோடு தெரிந்தால் எழுந்துவிடும். தரையில் ஒரு அடிக்கு ஒன்றாகச் சிவப்பு டேப் ஒட்டியிருப்பது அதற்குத்தான், அசிங்கமாக இருக்கிறது என்று உரித்துவிடாதே. திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலவிடாதே, அரைவட்டம் போட்டு வரட்டும். நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதே, கையில் டம்ளரும் கொடுக்காதே.

லுங்கிக்குப் பேர்போன குடியாத்தத்தில் உட்கார்ந்துகொண்டு லுங்கி வேண்டாம் என்று சொல்லவேண்டியிருக்கிறது, என்ன செய்வது. காலை இழுத்து நடப்பவருக்கு அது தடுக்கும். வீட்டில் எலாஸ்டிக் பேன்ட்தான்.

நாற்காலியிலிருந்து எழ, அக்குளில் கை கொடுத்துத் தூக்காதே. நுனிக்கு நகர்ந்து, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை குனியட்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணு, மூன்றில் எழுவார். எழுந்ததும் உடனே நடக்கவிடாதே, இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். காலையில் ஐந்து நிமிஷம் படுக்கவைத்து ஒருமுறை இரத்த அழுத்தம் பார், எழுந்து நின்ற பிறகு ஒன்றாவது நிமிஷத்திலும் மூன்றாவது நிமிஷத்திலும் பார். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் டாக்டருக்குப் போன் செய். இந்த வேலூர் வெயிலில் தண்ணீர் குறைந்தாலே இறங்கும்.

சாப்பாட்டில் சில சின்ன விஷயங்கள்தான். கேழ்வரகுக் களி கேட்பார், தொண்டையில் ஒட்டும், கூழாகக் கரைத்துக் கொடு. ரசம் சாதத்தில் ரசம் முதலில் ஓடிப் புரையேறும், சோறு பின்தங்கும். கெட்டியாகப் பிசைந்து கொடு. விழுங்கும்போது தாடை நெஞ்சுப்பக்கம் இருக்கட்டும், அண்ணாந்து குடிக்கக்கூடாது. சாப்பிட்டு அரை மணி படுக்கவிடாதே.

ராத்திரி கனவில் கத்துவார், உதைப்பார். பிடித்து அமுக்காதே, தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடு. மூலையில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று திடீரென்று சொல்ல ஆரம்பித்தால் வாதாடாதே. காய்ச்சல் இருக்கிறதா, மூத்திரம் எரிகிறதா என்று கேட்டுக்கொண்டு டாக்டரிடம் சொல்.

டிவிக்குப் பக்கத்தில் நோட்டு இருக்கிறது. மாத்திரை போட்ட நேரம், கை நடுங்க ஆரம்பித்த நேரம், உடம்பு நெளிந்த நேரம் மூன்றையும் எழுது. அடுத்த வேளை நெருங்கும்போது நடுங்கினால் மருந்து தீர்கிறது என்று அர்த்தம். போட்டு ஒரு மணியில் நெளிந்தால் மருந்து கூடுதல். இரண்டையும் சேர்த்து "ஆடுது" என்று சொன்னால் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் டாக்டரால் அளவை மாற்ற முடியாது.

காட்பாடியிலிருந்து நீ வந்து நிற்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு வராது. முகத் தசையும் இறுகித்தான் இருக்கிறது, கோபமில்லை. சட்டைப் பித்தானை நீ போடாதே கண்ணு. ஆறரை மாத்திரை ஏழேகாலுக்கு வேலை செய்யும், அதற்குப் பிறகு கொடு, அவரே போட்டுக்கொள்வார். மேல் பித்தான் மட்டும் கேட்டால் போட்டுவிடு.

அம்மா