மன்றக் கூட்டத்தின் முதல் பொருள்

ஐயா,

நகராட்சி மன்றக் கூட்டம் என்றாலே குடிநீர்க் குழாய் உடைப்பு, தெருவிளக்கு, ஓடை சீரமைப்பு, கடை ஏலம் என்று பொருள் பட்டியல் நீளும். எல்லாம் ஊருக்கு வேண்டியவைதான். அந்தப் பட்டியலில் முதல் பொருளாக, ஊருக்கு உழைத்தவர்களை அழைத்துப் பாராட்டுவதையும் சேர்க்க வேண்டும்.

நம் குமரி மாவட்டக் குழித்துறையில் ஆடி அமாவாசையன்று தாமிரபரணிக் கரையில் முன்னோருக்கு வாவுபலி என்னும் தர்ப்பணம் கொடுக்கப் பெருங்கூட்டம் திரளும். அதையொட்டி நகராட்சியின் வாவுபலிப் பொருட்காட்சியும் களைகட்டும். எல்லோரும் கலைந்த பிறகு படித்துறையைப் பாருங்கள்! வாழையிலை, எள்ளு கலந்த சோறு, தர்ப்பை, பிளாஸ்டிக் பை எல்லாம் ஈரத்தோடு ஒட்டிக் கிடக்கும். அதை வாரி அள்ளி, படிகளைக் கழுவி விடுகிற தூய்மைப் பணியாளர்களின் பெயர்கள் மன்றத் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் என்று யாரையும் ஒதுக்கக் கூடாது. குளச்சல் நகராட்சி என்றால், கடலில் தத்தளித்தவர்களைக் கரை சேர்த்த மீனவர்களைப் பாராட்டலாம்.

1956 நவம்பர் 1 அன்றுதான் நம் மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. அதே நாள் இப்போது உள்ளாட்சி தினமாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது. இதைவிடப் பொருத்தமான நாள் ஏது? குளச்சல், பத்மநாபபுரம், குழித்துறை, கொல்லங்கோடு முதலிய நகராட்சிகளும் அன்றைக்கே இதைத் தொடங்கலாம். பெரிய செலவும் இல்லை, பத்து நிமிடம் போதும். பாராட்டப்படுபவரின் பிள்ளைகளையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
குமரி மாவட்ட வாசகர்